முட்டி நோகாமல் எடை குறைய எது நல்லது? சிங்கப்பூர் வுட்லண்ட்ஸ் அக்காவுக்கு ஒரு பதில்

அக்கா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 52, உயரம் 158 செ.மீ., எடை 84 கிலோ. எக்ஸ்ரேயில் இரண்டு முழங்காலிலும் ஆரம்பக்கட்டத் தேய்மானம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மட்டும். பலதுறை மருந்தகத்தில் "எடையைக் குறைங்க, உடற்பயிற்சி செய்ங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகன், நின்றபடி மிதிகளைச் சுழற்றும் எலிப்டிகல் இயந்திரம் வாங்கித் தருகிறேன் என்கிறார். தோழி நீச்சல்தான் சரி என்கிறார், உங்களுக்கோ நீச்சல் தெரியாது. போன தைப்பூசத்தில் பால்குடம் எடுத்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்துவிட்டு ஒரு வாரம் முட்டி வீங்கிக் கிடந்தீர்கள். "முட்டி கெடாமல் வேகமாக எடை குறைய எந்தப் பயிற்சி?" என்பது நீங்கள் எழுதியது. எனக்கு அதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. எதனால் எடை குறையும் என்பது ஒன்று. எதைச் செய்தால் முட்டி தாங்கும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே விடை கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் பலர் மூன்று வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் முட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் முட்டியை மட்டும் பார்த்ததில்லை, தொட்டுப் பார்க்காமல் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன். முட்டி திடீரென்று பூட்டிக்கொண்டு நிமிர்த்த முடியாமல் போனாலோ, நடக்கும்போது மடங்கி விழவைத்தாலோ, சூடாகிச் சிவந்து காய்ச்சலும் சேர்ந்தாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ இந்தப் பதிலை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலும் அப்படித்தான்.

முதலில் எடை. இதில் சந்தேகம் அதிகம் இல்லை, கேட்கத்தான் கசக்கும். 84 கிலோ உள்ளவர் அரைமணி நேரம் மிதமான வேகத்தில் நடந்தால் செலவாவது ஏறக்குறைய 150 கலோரி. டெக்கா சந்தைப் பக்கம் போய் ஒரு தே தாரிக்கும் (இனிப்புக் கெட்டிப்பால் டீ) ஒரு பரோட்டாவும் எடுத்தால் அந்தக் கணக்கு தாண்டிவிடும். வாரம் ஐந்து நாள் நடந்து, சாப்பாட்டில் எதையும் மாற்றாமல் இருந்தால், ஒரு கிலோ கொழுப்பு கரையக் காகிதக் கணக்கிலேயே பத்து வாரம் ஆகும். உடம்பு காகிதக் கணக்கைவிடக் கஞ்சத்தனமாகத்தான் நடந்துகொள்ளும்.

உங்களைப் போலவே மூட்டுத் தேய்மானமும் கூடுதல் எடையும் உள்ள 454 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 2013-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும், இன்னொன்றுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்கள் சராசரியாக இரண்டு கிலோ கூடக் குறையவில்லை. உணவை மட்டும் மாற்றியவர்கள் ஏறக்குறைய ஒன்பது கிலோ குறைந்தார்கள். இரண்டையும் செய்தவர்கள் பத்தரை கிலோ. இதைப் படித்துவிட்டு "அப்போ உடற்பயிற்சி எதற்கு?" என்று கேட்காதீர்கள். வலி அதிகம் தணிந்ததும், நடை நன்றாக மேம்பட்டதும் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான். ஆக, எடையைத் தட்டில் குறையுங்கள். முட்டியையும் இதயத்தையும் சர்க்கரையையும் உடற்பயிற்சி பார்த்துக்கொள்ளும், குறைந்த எடை மறுபடி ஏறாமலும் அதுதான் பிடித்து நிறுத்தும்.

தட்டு என் துறை இல்லை, பலதுறை மருந்தகத்தில் உணவியல் நிபுணரைப் பார்க்கக் கேளுங்கள். என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் மாற்றம் மட்டும் ஒன்று: தே தாரிக்கை நிறுத்திவிட்டுத் தே ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத டீ), அல்லது பால் வேண்டுமென்றால் தே சி கொசோங் (இனிக்காத பால் சேர்த்து, சர்க்கரை இல்லாமல்). ஒரு நாளைக்கு மூன்று குவளை குடிப்பவருக்கு இந்த ஒரு மாற்றமே அரைமணி நேர நடையைவிடப் பெரிது.

இனி முட்டி. நடந்தால் தேய்ந்துவிடும் என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. எக்ஸ்ரே பார்த்த யாருக்கும் வருவதுதான். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் அது உணவை எடுத்துக்கொள்கிறது. அழுத்தி விடுவித்தால்தான் அந்த நீர் உள்ளே போய் வெளியே வரும், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிழிவதுபோல. அசைக்காத முட்டி பட்டினி கிடக்கிற முட்டி. அளவோடு செய்யும் பயிற்சி தேய்மானத்தை வேகப்படுத்துவதில்லை என்பதை இன்று உறுதியாகச் சொல்லலாம். அளவுதான் சிக்கல். தைப்பூசத்தன்று நடந்தது அதுதான். வருடம் முழுக்கச் சும்மா இருந்த முட்டிக்கு ஒரே நாளில், வெறுங்காலோடு, தலையில் பாரத்தோடு, தார்ச்சாலையில் அத்தனை தூரம். இருபது வயதுப் பையனுக்கே மறுநாள் கால் வலிக்கும்.

எந்த அசைவு முட்டியை எவ்வளவு அழுத்துகிறது என்பது ஊகமல்ல, அளந்திருக்கிறார்கள். பெர்லினில், அறுவை சிகிச்சையில் பொருத்தும் செயற்கை மூட்டுக்குள்ளேயே உணரியை வைத்து, அந்த மனிதர்களை நடக்கவிட்டு, மாடி ஏறவிட்டு, சைக்கிள் மிதிக்கவிட்டு அளந்தார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு முட்டியில் இறங்குகிறது. உங்களுக்கு அது 210 கிலோ. மாடி ஏறும்போது மூன்று மடங்கைத் தாண்டுகிறது. இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில், மிதமான சுமையில், ஒரு மடங்கைச் சற்றே தாண்டுகிறது. இந்த எண்களில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் 2005-இல் செய்த ஓர் ஆய்வின்படி ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தாலே அடிக்கு இருபது கிலோ. கண்ணாடியில் தெரிவதற்கு முன்பே முட்டிக்குத் தெரிந்துவிடும்.

அதனால் நான் உங்களுக்கு முதலில் சொல்வது நீர், ஆனால் நீச்சல் இல்லை. நீரில் நடப்பது. இடுப்பளவு நீரில் நின்றால் கால் தாங்குவது உடல் எடையில் பாதிதான், மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் உயரத்துக்கு 1.2 மீட்டர் ஆழம் மார்பளவு. ஆழம் குளத்தின் ஓரத்திலேயே எழுதியிருக்கும். அதே நேரத்தில் நீர் உங்களைத் தள்ளுகிறது. வேகத்தை இரட்டித்தால் எதிர்ப்பு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்குக்கு அருகில் போகும். மெதுவாக நடந்தாலே மூச்சு வாங்கும். முட்டிக்குச் சுமை குறைவு, இதயத்துக்கு வேலை அதிகம் என்று இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது வேறெங்கும் அபூர்வம். பொது நீச்சல் குளங்களில் கட்டணம் ஓரிரு வெள்ளி (டாலர்) தான். வார நாள் காலை எட்டரை, ஒன்பது மணிக்குப் போனால் குளத்தில் பாதிப்பேர் உங்கள் வயதுக்காரர்கள், அவர்களிலும் பலர் நடந்துகொண்டுதான் இருப்பார்கள். முன்னோக்கி இரண்டு சுற்று, பக்கவாட்டில் ஒரு சுற்று, பின்னோக்கி ஒரு சுற்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். பின்னோக்கிப் போகும்போது சுவரோரமாக.

நம் பெண்கள் நிறையப் பேர் குளத்துக்கு வராததற்கு முட்டி காரணமில்லை, உடைதான் காரணம். என்னிடம் வந்த அம்மாக்களில் பாதிப்பேர் "ஐயோ, அந்த டிரெஸ்ஸா!" என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். நீச்சல் துணியில் தைத்த முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை நீளும் கால்சட்டையும் கிடைக்கின்றன, முஸ்லிம் பெண்கள் அணிவதுபோல. பொதுக் குளங்களில் அதற்குத் தடையில்லை. பருத்தி டி-ஷர்ட்தான் ஆகாது. நீரிழிவு இருப்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். குளத்தோரத் தரை சொரசொரப்பாக இருக்கும். பாதத்தில் மரமரப்பு இருந்தால் சிராய்த்தது தெரியாது. நீருக்கான மெல்லிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கைத் துடைத்துப் பாருங்கள். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் எல்லாரையும் மேலே ஏற்றிவிடுவார்கள், நம் ஊர் வானத்துக்கு இது வாராவாரம் நடக்கும். அன்றைக்கு என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்து வையுங்கள். நீரிலிருந்து ஏறியதும் பசி வயிற்றைக் கிள்ளும். குளத்துக்குப் பக்கத்திலேயே பொரித்த கோழி விற்கும் கடை எப்படியோ அமைந்துவிடுகிறது. பையில் இரண்டு வேகவைத்த முட்டையோ ஒரு ஆப்பிளோ இருக்கட்டும்.

தோழி சொன்ன நீச்சல் தவறில்லை. கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் சமூக மன்றத்திலோ குளத்திலோ பெரியவர்களுக்கான வகுப்பில் சேருங்கள். ஆனால் இங்கே பெரியவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது பெரும்பாலும் தவளை நீச்சல். அதில் காலை அகட்டி உதைக்கும்போது முட்டியின் உட்பக்கம் முறுக்கிக்கொள்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு பஸ் ஓட்டுநரை "நீச்சல் போங்கண்ணே, முட்டிக்கு நல்லது" என்று அனுப்பிவைத்தேன். எந்த நீச்சல் என்று கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து முன்பைவிட மோசமான முட்டியோடு வந்தார். மரியாதைக்காரர், என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை. மல்லாந்து நீந்துவதோ, காலை மேலும் கீழும் அடிக்கும் நீச்சலோ உங்களுக்குப் பாதுகாப்பு.

நீருக்கு அடுத்தது நின்ற இடத்துச் சைக்கிள். மகன் செலவு செய்ய ஆசைப்பட்டால் எலிப்டிகலுக்குப் பதில் இதை வாங்கச் சொல்வேன். முதுகு சாய்ந்து உட்காரும் வகை வயிறு இருப்பவர்களுக்கு வசதி. இருக்கையின் உயரம்தான் எல்லாம். மிதி கீழே இருக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும், 25 முதல் 35 டிகிரி. அளக்கத் தெரியாவிட்டால் ஒரு வழி உண்டு. உட்கார்ந்து குதிகாலை மிதியில் வையுங்கள். மிதி அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு முன்பாதத்தால் மிதித்தால் அந்த லேசான மடக்கு தானாக வரும். "கால் எட்டாது, விழுந்துடுவேன்" என்று பயந்து இருக்கையைத் தாழ்த்தி வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தாழ்ந்த இருக்கையில் முட்டிச்சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறி, நல்ல பயிற்சியே வலியாகிவிடும். சுமையைக் குறைத்து வைத்து, நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று வேகமாக மிதியுங்கள். கனமாக வைத்து மெல்ல மிதிப்பது முட்டிக்குத் தண்டனை. கண்ணாடித் திரையில் ஓடும் கலோரி எண்ணை நம்பாதீர்கள். அது விற்பனைக்கு உதவும் எண்.

எலிப்டிகல் பற்றி என் கருத்து பலருக்கு ஒத்துவராது. குதிகால் தரையில் மோதுவதில்லை என்பது உண்மை, அதனால் அதிர்வு குறைவு. ஆனால் செயற்கை மூட்டில் அளந்து பார்த்தபோது அழுத்தம் நடைப்பயிற்சிக்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தது, சைக்கிளைப்போல் குறையவில்லை. சிலருக்கு நடையைவிட இதமாக இருக்கிறது, சிலருக்கு முட்டியின் முன்பக்கம் நோகிறது. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் தெளிவாக இல்லை. ஆயிரம் வெள்ளி கொடுக்கும் முன் பொது உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று நாள் ஏறிப் பாருங்கள். நான்கறை வீட்டுக்குள் அந்த இயந்திரம் ஆறு மாதத்தில் துணி காயப்போடும் இடமாக மாறியதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அடுக்குமாடிப் புளோக்கின் கீழே உடற்பயிற்சி மூலையில் காலை ஆட்டும் ஊஞ்சல் கருவி இருக்கிறதே, அது மூட்டை இளக்கும், அவ்வளவுதான். எதிர்ப்பே இல்லாததால் அதை இதயத்துக்கான பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நடை இலவசம், அதனால் அதை ஒதுக்கவேண்டாம். சமதரை, நல்ல காலணி, ஏழரை மணிக்கு முன். கூரையிட்ட நடைபாதை இருந்தால் மழையும் வெயிலும் சாக்கு ஆகாது. ஒரேயடியாக நாற்பது நிமிடம் முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக நான்கு தடவை. சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடப்பது சர்க்கரைக்கும் நல்லது. புக்கிட் தீமா மலைக்கு நண்பர்கள் கூப்பிட்டால் இப்போதைக்கு வேண்டாம். ஏறுவது அல்ல, அந்தச் சரிவில் இறங்குவதுதான் உங்கள் முட்டியைப் பிடிக்கும். அதே காரணத்தால் மாடிப்படி ஆசை இருந்தால் சில தளம் ஏறிப் போங்கள், கீழே வரும்போது லிஃப்டில் வாருங்கள். கயிறு தாண்டுவது, ஸும்பாவில் குதிப்பது, ஓடுவது எதுவும் இந்த எடைக்கு இப்போது வேண்டாம். ஓட்டமே முட்டியைக் கெடுக்கும் என்று நான் சொல்லவில்லை. ஓடிப் பழகியவர்களிடம் அப்படி நடப்பதில்லை. நீங்கள் அங்கிருந்து தொடங்கக்கூடாது, அவ்வளவுதான்.

அளவு எவ்வளவு என்றால், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி என்பது உலகச் சுகாதார நிறுவனமும் நம் சுகாதார மேம்பாட்டு வாரியமும் சொல்வது. முதல் வாரமே அங்கே பாயவேண்டாம். முதல் இரண்டு வாரம் இரண்டு நாள் குளம், ஒவ்வொன்றும் இருபது நிமிடம். இரண்டு நாள் சைக்கிள் அல்லது நடை, பத்துப் பதினைந்து நிமிடம். பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்றாம் மாதத்தில் 150-ஐத் தொட்டால் போதும். வேகம் சரியா என்று பார்க்கக் கடிகாரம் வேண்டாம். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. "கொழுப்பு கரையும் இதயத்துடிப்பு" என்று இயந்திரத்தில் போட்டிருக்கும் வண்ணப் பட்டையைக் கண்டுகொள்ளாதீர்கள். அந்த வேகத்தில் கொழுப்பின் விகிதம் கூடுகிறதே தவிர, மொத்தச் செலவு குறைவாக இருப்பதால் எடையில் பெரிய வித்தியாசம் வராது.

வலி வந்தால் நிறுத்தவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பத்துக்கு நான்கு வரை வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அந்த அளவு உங்களுக்குச் சரி. மறுநாளும் கூடுதலாக வலித்தாலோ வீங்கினாலோ அளவை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். படுத்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காதது ஒன்று, ஆனால் இதை விட்டால் மற்றதெல்லாம் பாதிதான். தொடைத் தசை. வாரம் இரண்டு நாளாவது, நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்காருங்கள். பத்துத் தடவை, சற்று ஓய்வு, மறுபடி பத்து. தாழ்ந்த நாற்காலி நோகும் என்றால் மேலே தலையணை போட்டு உயர்த்துங்கள். உணவைக் குறைத்து எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் இறங்கும், உங்கள் வயதில் அது எளிதில் திரும்பாது. முட்டியைத் தாங்குவது அந்தத் தசைதான்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. பின்னாளில் கிளிக்ளசைட் மாத்திரையோ இன்சுலினோ சேர்த்தால் அந்தக் கணக்கு மாறும், அப்போது பயிற்சி பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், பையில் இனிப்பு இருக்கட்டும். குளுக்கோசமைன் வாங்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, பலன் இருந்தாலும் சிறியது. அந்தக் காசில் நல்ல காலணி வாங்கலாம்.

அடுத்த தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா என்பதற்கு என் பதில், எடுக்கலாம், பயிற்சியோடு. விழாவுக்கு மூன்று மாதம் முன்பிருந்து வாரம் ஒரு நாள் மட்டும் நீளமாக நடங்கள், ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டி. கடைசி ஆறு வாரம் கோயில் பிராகாரத்திலும் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடந்து பழகுங்கள், பாதத்தில் உணர்வு சரியாக இருப்பதை அதற்கு முன் மருந்தகத்தில் பார்த்துக்கொண்டபின். தலையில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முட்டியில் பல மடங்காக இறங்கும், அதனால் சிறிய குடமாக எடுங்கள், முருகன் லிட்டர் கணக்குப் பார்ப்பவர் இல்லை. வெயில் ஏறும் முன் விடிகாலையிலேயே புறப்பட்டுவிடுங்கள், வீட்டுக்குத் திரும்ப மகனைக் காரோடு வரச் சொல்லுங்கள். எலிப்டிகலுக்கு வைத்திருந்த காசில் பெட்ரோலுக்குக் கொஞ்சம் போகட்டும்.